காற்று மெலிந்த உயரத்தில்: கார்கில் வான்போர், ஒரு நிகழ்வு ஆய்வு

திராஸ் போர் நினைவிடத்தில் நின்று அண்ணாந்து பார்த்தால், கழுத்து வலிக்கும் உயரத்தில் டோலோலிங் முகடு தெரியும். கீழே ஸ்ரீநகர்–லே நெடுஞ்சாலை. அந்தச் சாலையே ஏறக்குறைய 10,800 அடி உயரத்தில் ஓடுகிறது. 1999 கோடையில் அதற்கும் மேலே, 14,000 முதல் 18,000 அடி வரை உயர்ந்த முகடுகளில் பாகிஸ்தானின் வடக்கு இலகு காலாட்படை கல்லடுக்கிப் பதுங்கியிருந்தது. மேலிருந்து பார்த்தவனுக்குச் சாலையில் ஊர்ந்த ஒவ்வொரு லாரியும் தெரிந்தது. கீழிருந்து பார்த்தவனுக்குப் பாறைதான் தெரிந்தது.

கார்கிலில் விமானப்படை செய்ததைப் பேசும்போது மிராஜ், லேசர் குண்டு, டைகர் ஹில் என்று மூன்று சொற்களில் கதையை முடித்துவிடுகிறோம். அந்தப் படத்தில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் பாதிப் படம். மீதிப் பாதி, யார் யாரை எங்கிருந்து பார்த்தார்கள் என்பது. விமானம் இருந்தது, விமானி இருந்தார், துணிச்சலுக்கும் குறைவில்லை. எங்கே போட வேண்டும் என்று சொல்லும் கண்தான் போதவில்லை. அந்தக் கண் இருக்க வேண்டிய இடம் முகடுகளுக்கும் விமானங்களுக்கும் பல நூறு கிலோமீட்டர் மேலே.

முதல் மூன்று வாரம்

1999 பிப்ரவரியில் வாஜ்பாய் பேருந்தில் லாகூர் போய்ப் பிரகடனத்தில் கையெழுத்திட்டுத் திரும்பினார். ஊடுருவலும் அந்தப் பனிக்காலத்தில்தான் நடந்தது. கடுங்குளிரில் உச்சி நிலைகள் பலவற்றைக் காலி செய்துவிட்டுக் கீழே இறங்குவதும், பனி உருகியதும் ஏறிப்போய் உட்காருவதும் கார்கில் மலைகளில் இரு தரப்புக்கும் பல வருட வழக்கம். அந்த வழக்கத்தைத்தான் பாகிஸ்தான் தளபதிகள் பயன்படுத்திக்கொண்டார்கள்.

காலி செய்த இடங்களை இந்தியத் தரப்பு அடியோடு மறந்துவிடவும் இல்லை. குளிர்காலத்தில் ஹெலிகாப்டரில் சுற்றிப் பார்க்கும் ரோந்து இருந்தது. அந்த வேலையைக் கொஞ்சம் கற்பனை செய்து பாருங்கள். ஹெலிகாப்டர் அதிர்ந்துகொண்டே இருக்கும். பனி வெளிச்சம் கண்ணைக் கூசவைக்கும். வானிலை கெட்டால் பல நாள் பறக்கவே முடியாது. பறக்கும் நாளிலும், இரைச்சல் தூரத்திலேயே கேட்டுவிடுவதால், வெள்ளை உடுப்புப் போட்டவன் வெள்ளைச் சரிவில் அசையாமல் படுத்துக்கொண்டால் வேலை முடிந்தது. கடைசியில் மே முதல் வாரத்தில் தகவல் கொண்டுவந்தவர்கள் பட்டாலிக் பக்கத்து மேய்ப்பர்கள்.

அதற்குப் பிறகும் எத்தனை பேர், எந்தெந்த முகட்டில் என்பது பல நாள் தெரியவில்லை. சில தீவிரவாதிகள், சில நாளில் விரட்டிவிடலாம் என்ற நினைப்பில் மேலே அனுப்பிய ரோந்துக் குழுக்கள் திரும்பவில்லை. தரைப்படை விமானப்படையிடம் தாக்குதல் ஹெலிகாப்டர் கேட்டது. விமானப்படைத் தளபதி டிப்னிஸ் இரண்டு காரணம் சொல்லித் தயங்கினார். ஒன்று, அந்த உயரத்தில் தாக்குதல் ஹெலிகாப்டர் ஒழுங்காகப் பறக்காது. தோளில் வைத்து ஏவும் ஏவுகணைக்கு இரையாகும். இரண்டு, வானிலிருந்து அடிப்பது போரின் அளவையே மாற்றிவிடும். அந்த முடிவை அரசுதான் எடுக்க வேண்டும். தரைப்படைத் தளபதி மாலிக்குக்கும் அவருக்கும் இடையே நடந்த இந்த இழுபறி, ஓய்வுக்குப் பிறகு இருவருமே பொதுவெளியில் பேசிய சங்கதி. ஹெலிகாப்டரைப் பற்றி டிப்னிஸ் சொன்னது சரி. அடுத்த சில நாளில் அது ரத்தத்தில் நிரூபணமானது. அதற்காகத் தரைப்படையின் அவசரத்தைக் குறை சொல்லவும் முடியாது, மேலே சுட்டு வீழ்த்தப்பட்டவர்கள் அவர்களுடைய பையன்கள். ஒரே போருக்குத் தரைப்படை ‘ஆபரேஷன் விஜய்’ என்று பெயர் வைத்தது, விமானப்படை ‘சஃபேத் சாகர்’ என்று வைத்தது. வெண்கடல் என்று அர்த்தம். இரண்டு பெயர் என்பதிலேயே கதை இருக்கிறது.

மே 25 அன்று அமைச்சரவையின் பாதுகாப்புக் குழு அனுமதி தந்தது. 1962இல் சீனாவுக்கு எதிராகப் போர் விமானத்தை இறக்காமலே தோற்ற நாடு இது. 1971க்குப் பிறகு முதல் முறையாகப் போர் விமானங்களை அடிக்க அனுப்புகிறது. கூடவே ஒரு நிபந்தனை: எல்லைக் கட்டுப்பாட்டுக் கோட்டைத் தாண்டக் கூடாது.

ஒற்றை வரி நிபந்தனைதான். விமானி இருக்கையில் அது என்னவாகிறது என்று பார்க்க வேண்டும். மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் போகும் விமானம் ஒரு நொடிக்கு 250 மீட்டர், ஒரு நிமிடத்துக்கு 15 கிலோமீட்டர் கடக்கும். அடிக்க வேண்டிய நிலைகளோ கோட்டிலிருந்து சில கிலோமீட்டருக்குள் இருக்கின்றன. குண்டைப் போட்டுவிட்டுத் திரும்பி வளையவே சில கிலோமீட்டர் வேண்டும். முகட்டின் நீளவாக்கில் வந்து அடித்தால் குறி தப்பினாலும் முகட்டிலேயே விழும். குறுக்கே வந்து அடித்தால் கொஞ்சம் பிசகினாலும் பள்ளத்தாக்கில் போய் விழும். எந்தத் திசையிலிருந்து வருவது என்பதைப் பல இடங்களில் இலக்கு தீர்மானிக்கவில்லை, வரைபடத்தின் கோடுதான் தீர்மானித்தது. டெல்லியின் கணக்கு வேறு. அணுகுண்டு வெடித்துக் காட்டி ஒரே வருடம் ஆன இரண்டு நாடுகள் மோதுகின்றன. உலகம் எந்தப் பக்கம் சாய்கிறது என்பது அந்தக் கோட்டைத் தாண்டுவதா வேண்டாமா என்பதில் தொங்கிக்கொண்டிருந்தது. விமானப்படை முணுமுணுத்திருக்கலாம், தாண்டவில்லை.

மூன்று நாள்

தாக்குதலுக்கு முன்பே எச்சரிக்கை மணி அடித்துவிட்டது. மே 21 அன்று பட்டாலிக் பக்கம் படம் எடுக்கப் போன கேன்பரா விமானத்தை ஏவுகணை தாக்கியது. கேன்பரா 1950களில் வாங்கிய விமானம். ஒரு என்ஜின் போன நிலையில் அதை ஸ்ரீநகரில் கொண்டுவந்து இறக்கினார்கள். முகடுகளில் இருப்பவர்கள் வெறும் துப்பாக்கிக்காரர்கள் இல்லை என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

மே 26 காலை மிக்-21, மிக்-23, மிக்-27 விமானங்கள் முதல் தாக்குதலை நடத்தின. மிக்-29கள் மேலே காவல். மறுநாள் மே 27: ஃப்ளைட் லெப்டினன்ட் நச்சிகேதாவின் மிக்-27இல் தாக்குதலின்போது என்ஜின் அணைந்தது, குதித்தார், பிடிபட்டார். அவர் எங்கே விழுந்தார் என்று தேடிச் சுற்றிய ஸ்குவாட்ரன் லீடர் அஜய் அஹுஜாவின் மிக்-21 ஏவுகணையில் வீழ்ந்தது. அஹுஜா உயிரோடு திரும்பவில்லை. நச்சிகேதாவை ஜூன் 3 அன்று பாகிஸ்தான் ஒப்படைத்தது.

மே 28 அன்று டோலோலிங் பக்கம் ராக்கெட் வீசப் போன எம்ஐ-17 ஹெலிகாப்டர்களில் ஒன்றை, தோளில் வைத்து ஏவும் ஸ்டிங்கர் ஏவுகணை வீழ்த்தியது. உள்ளே நால்வர்: ஸ்குவாட்ரன் லீடர் புண்டீர், ஃப்ளைட் லெப்டினன்ட் சுப்ரமணியம் முகிலன், சார்ஜென்ட்டுகள் பிரசாத், சாஹு. அந்த ஹெலிகாப்டரில் ஃப்ளேர் வீசும் கருவி இல்லை. வெப்பத்தைத் தேடி வரும் ஏவுகணையை ஏமாற்ற, எரியும் குச்சிகளைப் பின்னால் உதிர்த்துவிட்டுப் போவதுதான் ஃப்ளேர். தீபாவளி மத்தாப்பின் பெரியண்ணன் என்று வைத்துக்கொள்ளலாம். அது பொருத்தாத இயந்திரம், ஏவுகணை காத்திருந்த முகட்டுக்குப் போனது.

மூன்று நாளில் மூன்று இயந்திரம், ஐந்து உயிர், ஒரு சிறைப்பிடிப்பு. அங்கேயே விமானப்படையின் போர்முறை முறிந்து, புதிதாக ஒன்று தொடங்கியது. ஹெலிகாப்டரைத் தாக்குதலிலிருந்து விலக்கினார்கள். காயம்பட்டவர்களைத் தூக்கிவரவும் சரக்கு இறக்கவும் மட்டும் என்று ஆனது. தோள் ஏவுகணை சுமார் 11,000 அடி மேலேறும். சமவெளியில் 15,000 அடியில் பறந்தால் தப்பிவிடலாம். ஆனால் ஏவுபவனே 16,000 அடியில் உட்கார்ந்திருக்கிறான். ஆகவே 27,000 அடிக்குக் கீழே வரக் கூடாது. போர் விமானங்கள் 30,000 அடியை ஒட்டி ஏறிக்கொண்டன. உயிர் பாதுகாப்பானது; குறி தூரமானது.

மெலிந்த காற்றின் கணக்கு

16,000 அடி உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் இருப்பதில் சுமார் அறுபது சதவீதம்தான். மலையேறுகிறவருக்கு மூச்சு வாங்குவது போலவே என்ஜினுக்கும் வாங்கும். அது பரவாயில்லை, குண்டின் கதைதான் மோசம்.

வழிகாட்டி எதுவும் இல்லாத சாதா குண்டை எடுத்துக்கொள்வோம். இலக்குக்கு நான்கு கிலோமீட்டர் மேலே பறக்கும் விமானத்திலிருந்து விட்டால், அது கீழே போய்ச் சேர ஏறக்குறைய அரை நிமிடம் ஆகும். அந்த அரை நிமிடமும் விமானத்தின் வேகத்தோடு முன்னோக்கிப் போய்க்கொண்டே இருக்கும்; ஏழு கிலோமீட்டர் வாக்கில் போகும். அதாவது விமானி இலக்கைத் தாண்டும்போது குண்டை விடுவதில்லை, ஏழு கிலோமீட்டருக்கு முன்பே விட்டுவிட வேண்டும். அதில் நூற்றில் ஒரு பங்கு பிசகினால் எழுபது மீட்டர். சமவெளியில் எழுபது மீட்டர் என்பது முகாமின் அடுத்த கூடாரம். டோலோலிங் மாதிரி முகட்டில், மறுபக்கச் சரிவில் உருண்டு யாருமில்லாத பள்ளத்தில் வெடிக்கும்.

எப்போது விடுவது என்று சொல்லும் அட்டவணைகளும் கணினிக் கணக்கும் வழக்கமான அடர்த்தியுள்ள காற்றுக்குப் போட்டவை. காற்று மெலிந்தால் குண்டுக்குத் தடை குறைகிறது, அட்டவணை சொல்வதைவிடத் தூரமாகப் போகிறது. முகட்டுக்கு முகடு மாறும் மலைக்காற்று வேறு. முதல் நாட்களில் குறி தவறியதற்குப் பெரிய காரணம் இதுதான். விமானிகளின் கையில் குறை இல்லை, கையில் கொடுத்த வாய்ப்பாடுதான் வேறு உலகத்துக்கானது.

இதற்கு மாற்றாக மிக்-21 படைப்பிரிவுகள் கண்டுபிடித்தது எளிமையின் உச்சம். கடையில் வாங்கும் கையடக்க ஜிபிஎஸ் கருவியும் ஸ்டாப்வாட்ச்சும். தெரிந்த ஒரு புள்ளியைக் கடக்கும்போது கடிகாரத்தை அழுத்தி, இத்தனை நொடி, இத்தனை வேகம், இந்தத் திசை என்று எண்ணிக் குண்டை விடுவது. இலக்கைக் கண்ணால் பார்க்கவே வேண்டாம். இரவிலும் அடித்தார்கள். அஹுஜாவின் படைப்பிரிவான 17ஆம் ஸ்குவாட்ரனுக்கு அப்போது தலைவர் விங் கமாண்டர் தனோவா. இருபது வருடம் கழித்து அவர் பெயர் மறுபடி வரும்.

இந்த இடத்தில் ஒரு ஒப்பீடு. அதே வாரங்களில், கொசோவோவை முன்னிட்டு நேட்டோ யுகோஸ்லாவியா மீது குண்டு வீசிக்கொண்டிருந்தது; மார்ச் 24 தொடங்கி ஜூன் 10 வரை 78 நாள். அமெரிக்காவின் மிசூரியிலிருந்து கிளம்பிய பி-2 விமானங்கள், செயற்கைக்கோள் வழிகாட்டும் ஜேடாம் குண்டுகளை முதன்முதலாகப் போரில் போட்டன. அங்கே குண்டே செயற்கைக்கோளைக் கேட்டு வழியறிந்து போனது. இங்கே விமானி தொடையில் வைத்த கருவியைப் பார்த்து வாய்க்குள் எண்ணினார். ஒரே கோடை, ஒரே ஜிபிஎஸ்.

முந்தோ தாலோ, பிறகு டைகர் ஹில்

மே கடைசியில் மிராஜ்-2000 விமானங்கள் களத்துக்கு வந்தன. குவாலியரில் இருப்பவை, பஞ்சாபின் ஆதம்பூரிலிருந்து பறந்தன. மிராஜின் சொந்த லேசர் குண்டுகள் விலை மிகுந்தவை, எண்ணிக்கையில் சொற்பம், பாறை இடுக்கில் இருக்கும் பதுங்குகுழிக்கு அவற்றைச் செலவழிக்க மனம் வராது. ஆகவே ஆயிரம் பவுண்டு குண்டுகளில் பேவ்வே வழிகாட்டிக் கருவியைப் பொருத்தி, இலக்கைப் படம்பிடித்து லேசர் ஒளியால் சுட்டிக்காட்டும் இஸ்ரேலின் லைட்டனிங் பாடோடு சேர்த்து மிராஜில் ஏற்றும் வேலை நடந்தது. சாதாரண காலத்தில் மாதக்கணக்கில் இழுக்கும் சோதனையைச் சில வாரத்தில் முடித்தார்கள். இஸ்ரேல் நிபுணர்கள் கூட இருந்தார்கள். அதுவும் அணுச் சோதனையால் வந்த அமெரிக்கத் தடைகள் அமலில் இருந்த காலம்.

ஆனால் இந்தப் போரில் என்னைக் கேட்டால் முக்கியமான தாக்குதல் லேசர் குண்டால் நடந்ததே இல்லை. ஜூன் 17 அன்று பட்டாலிக் பகுதியில் முந்தோ தாலோ என்ற இடத்தில் இருந்த சரக்கு முகாமை மிராஜ்கள் சாதா குண்டுகளால் அடித்தன. முகடுகளில் இருப்பவனுக்கு அரிசி, மண்ணெண்ணெய், குண்டு எல்லாம் போன கிடங்கு அது. கூடாரங்கள் பரவிக் கிடந்த இடம் என்பதால் எழுபது மீட்டர் பிசகு பெரிய விஷயமில்லை. அந்த உயரத்தில் ஒருவன் உயிரோடு இருப்பதே கீழிருந்து வரும் மூட்டைகளால்தான். முகட்டிலுள்ள பதுங்குகுழியைக் குறிவைப்பது கைவிரலை வெட்டுவது, முந்தோ தாலோவை அடித்தது கழுத்தைப் பிடித்தது.

அந்த முகாம் அகப்பட்டதும் வான்படத்தால்தான். ஆளில்லாத மலை என்று வரைபடம் சொன்ன இடத்தில் கூடாரக் கூட்டம் இருப்பது, விமானம் பறந்து எடுத்த படத்தில் தெரிந்தது. இப்படி ஒரு படத்துக்காக மே 21 அன்று கேன்பரா ஒரு என்ஜினைக் கொடுத்தது. போர் மூண்டு ஐந்தாறு வாரம் ஆன பிறகே இலக்குகளின் பட்டியல் உருப்படியானது என்பதையும் மறக்கக் கூடாது. கண் தேடி முடிக்கும் வரை கை காத்திருந்தது.

டைகர் ஹில் எல்லாருக்கும் தெரிந்த கதை; சுருக்கமாகவே சொல்கிறேன். 5,062 மீட்டர் முகடு. ஜூன் 24 அன்று மிராஜ்கள் லேசர் குண்டால் உச்சியிலிருந்த கட்டளை நிலையை அடித்தன. டிப்னிஸ் தானே ஒரு மிராஜின் பின்னிருக்கையில் உட்கார்ந்து கூடவே பறந்து பார்த்தார். ஒரு படைத் தளபதி செய்ய வேண்டிய வேலையா என்று கேட்கலாம், கேட்டவர்களும் உண்டு. உச்சியை எடுத்தது ஜூலை 3 இரவு தொடங்கிய தரைப்படைத் தாக்குதல். 18 கிரெனேடியர்ஸ் படைப்பிரிவு செங்குத்துப் பாறையில் கயிற்றைக் கட்டி ஏறியது.

எண்களை அருகருகே வைத்தால் விகிதம் புரியும். மொத்தப் போரிலும் போட்ட லேசர் குண்டுகளின் எண்ணிக்கை ஒற்றை இலக்கம். போஃபர்ஸ் முதலான பீரங்கிகள் சுட்ட குண்டுகளும் ராக்கெட்டுகளும் இரண்டரை லட்சம். போர் விமானங்கள் சுமார் 550 தாக்குதல், 150 வேவு, 500 காவல் பறப்புகளை நடத்தின. காவலுக்கும் தாக்குதலுக்கும் ஏறக்குறைய சரிபாதி என்பதைப் பாருங்கள். இத்தனைக்கும் பாகிஸ்தான் விமானப்படை கோட்டைத் தாண்டி வரவே இல்லை. எதிரி விமானம் வந்திருந்தால் மிராஜ்கள் இவ்வளவு நிதானமாக வட்டமிட்டுக் குறிபார்த்திருக்க முடியாது. கார்கிலை வான்போரின் பாடநூலாகக் காட்டுகிறவர்கள் இந்த அடிக்குறிப்பை விழுங்கிவிடுகிறார்கள்.

அப்படியானால் விமானப்படை வென்றதா, தரைப்படை வென்றதா என்று இன்றும் ஓய்வுபெற்றவர்கள் சண்டை போடுகிறார்கள். 527 இந்திய வீரர்கள் இறந்தார்கள். பெரும்பாலோர் இருட்டில் மலையேறியவர்கள். முகட்டை எடுத்தது அவர்கள். முகட்டில் இருந்தவனுக்குச் சோறும் தூக்கமும் இல்லாமல் பண்ணியதில் வானத்துக்கும் பங்குண்டு. டோலோலிங்கை ஜூன் 13 அன்று பிடிக்கப் பட்ட பாட்டையும், அதற்குப் பிறகு மற்ற முகடுகள் விழுந்த வேகத்தையும் ஒப்பிட்டால் ஏதோ ஒன்று மாறியிருப்பது தெரிகிறது. அதில் பெரும்பங்கு பீரங்கிக்கு என்பது என் கணிப்பு.

வானத்துக்கும் மேலே

1999இல் இந்தியாவுக்குச் செயற்கைக்கோள் இல்லாமல் இல்லை. ஐஆர்எஸ்-1சி 1995இலும், 1டி 1997இலும் ஏவப்பட்டவை. கறுப்பு வெள்ளைப் படத்தில் அவற்றின் கூர்மை 5.8 மீட்டர், அந்தக் காலத்துச் சிவிலியன் செயற்கைக்கோள்களில் அதுவே பெருமைக்குரிய எண். 5.8 மீட்டர் என்றால் படத்தின் ஒரு புள்ளி தரையில் ஆறு மீட்டருக்கு ஆறு மீட்டர் சதுரம். நாலு பேர் படுக்கும் கூடாரம் ஒரு புள்ளியைக்கூட நிரப்பாது. பனி மேல் வெள்ளைக் கூடாரம் என்றால் சொல்லவே வேண்டாம். வயல் எவ்வளவு, ஏரியில் தண்ணீர் எவ்வளவு, காடு எவ்வளவு அழிந்தது என்று பார்க்கச் செய்த கண் அது. அந்த வேலையை அருமையாகச் செய்தது. பதுங்குகுழியைத் தேடச் சொன்னால் பாவம் என்ன செய்யும்? மேகம் மூடினால் அதுவும் இல்லை. மறுபடி அதே இடத்தைப் பார்க்கச் சில நாள் ஆகும்.

காசு கொடுத்து வாங்கவும் வழியில்லை. ஒரு மீட்டர் கூர்மையுள்ள முதல் வணிகச் செயற்கைக்கோளான இக்கோனாஸ் விண்ணுக்குப் போனது 1999 செப்டம்பர் 24. போர் முடிந்து இரண்டு மாதம்.

ஜூலை கடைசியில் அரசு ஒரு ஆய்வுக் குழுவை அமைத்தது. தலைவர், திருச்சியில் பிறந்த, தமிழ்நாடு பிரிவு ஐஏஎஸ் அதிகாரியாகத் தொடங்கிப் பாதுகாப்பு ஆய்வில் நாட்டின் முதல் குரலாக ஆன கே. சுப்ரமணியம். டிசம்பருக்குள் அறிக்கை கொடுத்துவிட்டார்கள். இந்தியக் குழுக்களின் வழக்கத்தை அறிந்தவர்களுக்கு இது செய்திதான். உளவு அமைப்புகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளாதது பற்றிய பகுதிகள்தான் பத்திரிகைகளில் அதிகம் வந்தன. கூர்மையான செயற்கைக்கோள் படம் எடுக்கும் திறனும் ஆளில்லா விமானங்களும் உடனே வேண்டும் என்ற பகுதி அவ்வளவு பேசப்படவில்லை. ஆனால் காரியம் நடந்தது அங்கேதான்.

2001 அக்டோபர் 22 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பிஎஸ்எல்வி-சி3 ஏற்றிச்சென்ற மூன்றில் ஒன்று டெஸ் என்ற செயற்கைக்கோள். தொழில்நுட்பப் பரிசோதனைக் கோள் என்று அதிகாரப்பூர்வப் பெயர். கூர்மை ஒரு மீட்டர். பெயரில் இருந்த பரிசோதனை யாரையும் ஏமாற்றவில்லை. பிறகு 2007இல் கார்ட்டோசாட்-2. மும்பைத் தாக்குதலுக்குப் பிந்தைய 2009 ஏப்ரலில் ரிசாட்-2; மேகத்தையும் இரவையும் ஊடுருவிப் பார்க்கும் ரேடார், இஸ்ரேலிலிருந்து வந்தது.

அந்த ஜிபிஎஸ் கதை

கார்கில் என்றால் வாட்ஸப்பில் தவறாமல் வரும் ஒரு கதை உண்டு: போரின்போது அமெரிக்கா ஜிபிஎஸ்ஸை மறுத்துவிட்டது, அந்த ரோஷத்தில்தான் இந்தியாவின் சொந்த வழிகாட்டிக் கோள் அமைப்பான நாவிக்கை இஸ்ரோ செய்தது. சில வடிவங்களில் அமெரிக்கா இந்தியா மேல் ஜிபிஎஸ்ஸை ‘அணைத்தே’ விட்டது.

மேலே சொன்ன மிக்-21களை நினைத்துக்கொள்ளுங்கள். கடையில் வாங்கிய ஜிபிஎஸ் கருவியை வைத்துத்தான் அவை குண்டு போட்டன. அணைத்திருந்தால் அந்தக் கருவி எதைப் பார்த்து வேலை செய்தது?

நடந்தது இவ்வளவு பரபரப்பானது அல்ல, ஆனால் இதைவிடச் சுவையானது. அன்று ஜிபிஎஸ்ஸுக்கு இரண்டு அலை. அமெரிக்க ராணுவமும் அதன் கூட்டாளிகளும் பயன்படுத்திய துல்லிய அலை மற்றவர்களுக்குப் பூட்டப்பட்டிருந்தது. உலகத்துக்குத் திறந்துவிட்ட அலையில் வேண்டுமென்றே பிழை கலக்கப்பட்டிருந்தது. உங்கள் இடத்தை நூறு மீட்டர் வரை தள்ளிக் காட்டும். இது இந்தியாவுக்கென்று போட்ட பூட்டு இல்லை, எல்லாருக்கும் அப்படித்தான், 2000 மே மாதம் கிளின்டன் அதை நிறுத்தும் வரை. குண்டு விடுவதில் ஏற்கெனவே எழுபது மீட்டர் பிசகு. நீ எங்கே இருக்கிறாய் என்பதிலேயே நூறு மீட்டர் வரை பிசகு. கூடார முகாமுக்குப் போதும். பதுங்குகுழிக்குப் போதாது.

ஆகவே நாவிக்குக்கான வாதம் ‘அவர்கள் மறுத்தார்கள்’ என்பதைவிடப் பலமானது. மறுக்காதபோதே அடுத்தவன் கடிகாரத்தைப் பார்த்துத்தான் போர் செய்கிறோம், அந்தக் கடிகாரத்தில் எவ்வளவு பிழை வைப்பது என்பது அவன் கையில் இருக்கிறது. 2006இல் அரசு அனுமதி. 2013 ஜூலையில் முதல் கோள். 2016 ஏப்ரலில் ஏழாவது கோளும் போய்ச் சேர்ந்தபோது நாவிக் என்று பெயர் வைத்தார்கள்.

வழிகாட்டும் கோளின் உயிர் அதன் அணுக்கடிகாரம். ஒளி ஒரு நானோ நொடியில் முப்பது சென்டிமீட்டர் போகும். கடிகாரம் அவ்வளவு பிசகினால் தரையில் இடமும் அவ்வளவு பிசகும். 2016இல் முதல் கோளின் மூன்று ருபீடியம் கடிகாரங்களும் நின்றுபோயின. மாற்றாக 2017 ஆகஸ்டில் ஏவிய கோள், ராக்கெட்டின் வெப்பக் கவசம் திறக்காமல் உள்ளேயே சிக்கிக்கொண்டது.

இருபது வருடம் கழித்து

2019 பிப்ரவரி 26 அதிகாலை மிராஜ்-2000கள் பாகிஸ்தானின் பாலக்கோட்டை அடித்தன. விமானப்படைத் தளபதி, கார்கிலில் ஸ்டாப்வாட்ச் முறையில் மிக்-21களை ஓட்டிய படைப்பிரிவின் தலைவர் தனோவா. இம்முறை எல்லைக் கோட்டையும் தாண்டியாயிற்று, குண்டும் வேறு. இலக்கின் படத்தை முன்கூட்டியே நினைவில் ஏற்றிக்கொண்டு, விழும்போது தன் கேமராவில் தெரிவதோடு ஒப்பிட்டுப் போகும் ஸ்பைஸ்-2000. அந்தப் படம் வருவது பெரும்பாலும் விண்ணிலிருந்து. 1999இல் கண் ஒருபக்கம், கை ஒருபக்கம். இப்போது கண்ணைக் குண்டுக்குள்ளேயே வைத்தாயிற்று.

சில நாளில் தனியார் நிறுவனங்களின் செயற்கைக்கோள் படங்கள் உலகப் பத்திரிகைகளில் வந்தன. கட்டடங்கள் நின்றுகொண்டிருந்தன. கூரையைத் துளைத்து உள்ளே வெடிக்கும் குண்டு, வெளியே அப்படித்தான் தெரியும் என்றது இந்தியத் தரப்பு. வாதம் இன்னும் ஓயவில்லை. ஆனால் டைகர் ஹில்லில் என்ன நடந்தது என்று லைட்டனிங் பாட் காட்டியதைத்தான் நாம் பார்த்தோம். பாலக்கோட்டில் மூன்றாம் நபர் ஒருவர் மேலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார். வான் தாக்குதலின் வெற்றியை அடித்தவனே அறிவிக்கும் காலம் அதோடு போனது.

ஒரு மாதத்தில், மார்ச் 27 அன்று, இந்தியா தன் சொந்தக் கோளான மைக்ரோசாட்-ஆரைச் சுமார் 283 கிலோமீட்டர் உயரத்தில் ஏவுகணையால் உடைத்துக் காட்டியது. அடுத்தவர் கண்ணைக் குத்தவும் தெரியும் என்ற அறிவிப்பு. எனக்கு அதில் அவ்வளவு உற்சாகமில்லை. கண்ணைக் குத்தும் போட்டியில், குறைவான கண் உள்ளவனுக்குத்தான் நஷ்டம் அதிகம்.

2025 மே மோதலின்போது, குறைந்தது பத்துச் செயற்கைக்கோள்கள் இரவுபகலாக நாட்டின் பாதுகாப்புக்காக வேலை செய்வதாக இஸ்ரோ தலைவர் வி. நாராயணன் சொன்னார். அதற்கு முந்தைய அக்டோபரில்தான் கண்காணிப்புக்கென்று 52 புதிய கோள்களுக்கு அரசு ஒப்புதல் தந்திருந்தது. அதில் 31 தனியார் செய்ய வேண்டியவை. 5.8 மீட்டர் கூர்மையோடு பனியில் கூடாரம் தேடிய நாட்டுக்கு இது நீண்ட தூரம்தான்.

2025 செப்டம்பர் 26 அன்று சண்டிகரில் மிக்-21 விடைபெற்றது. அதே வருடம் ஜனவரி 29 அன்று ஸ்ரீஹரிகோட்டாவின் நூறாவது ஏவுதலாகப் போன கோள், உள்நாட்டுத் தொழில்நுட்பத்தில் புதுப்பிக்கப்படும் நாவிக் வரிசையின் என்விஎஸ்-02. ராக்கெட் சரியாகவே கொண்டுபோய் விட்டது. கோளின் என்ஜினுக்கு ஆக்சிஜனேற்றியைத் திறந்துவிட வேண்டிய வால்வு திறக்கவில்லை. போக வேண்டிய உயரத்துக்கு ஏற முடியாமல் நீள்வட்டப் பாதையிலேயே தங்கிவிட்டது.